ஓரம் வெட்டாத மாலிக்

தாள்களை மேசையில் நிறுத்தி, மேலே இரண்டு தட்டு, பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி வரிசைப்படுத்துகிறார் அப்துல் மாலிக். ஊசி முதுகுப் பக்கம் ஏறி இறங்குகிறது. நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார், பசை தடவி அட்டை ஒட்டுகிறார், மேலே ஒரு பழைய அம்மிக்கல்லைத் தூக்கி வைக்கிறார். அவ்வளவுதான், புத்தகம் முடிந்தது என்கிறார். ஓரத்தை வெட்ட வேண்டாமா என்று கேட்டால், காது கேட்காதவர்போல அடுத்த கட்டை எடுத்துக்கொள்கிறார்.

ரொம்ப வற்புறுத்தினால், "ஓரம் உங்கள இன்னா சார் பண்ணுது? படிக்கறது நடுவுலதான கீது?" என்பார். இந்தப் பதிலைக் கேட்டு எங்கள் வக்கீல் ஒருநாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். நான் அவரிடம் குமாஸ்தா, ஒழிந்த நேரத்தில் கதை எழுதுகிறவன். அவருடைய சட்டப் புத்தகங்கள் எல்லாம் மாலிக்கிடம்தான் பைண்டிங்குக்குப் போகின்றன. திரும்பி வரும்போது ஒரு தாள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு தாள் உள்வாங்கியிருக்கும். தலை வாராமல் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளைகள் மாதிரி அலமாரியில் நிற்கும். ஆனால் தையல் மட்டும் அசையாது. எத்தனை முறை விரித்துப் போட்டாலும் ஒரு தாள் கழன்று வராது. அதனால்தான் திட்டிக்கொண்டே அவரிடமே போகிறோம்.

செங்கல்பட்டில், கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் மூன்றாவது கடை. ஐம்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர். கைலி, பனியன், தலையில் தொப்பி. கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதிலாகத் தைக்கிற நூலையே காதில் சுற்றியிருப்பார். மைதாவும், பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தமும் சேர்த்துக் காய்ச்சிய பசையை முகர்ந்து பார்த்தே, "இன்னும் ரெண்டு கொதி வரணும்" என்று சொல்லிவிடுவார். விரல் நுனியில் எந்நேரமும் பசை இருக்கும். டீ குடித்துவிட்டு வைத்தால் டம்ளர் விரலோடு வரும். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும்போது மட்டும் நகக்கண் வரை தேய்த்துக் கழுவுவார். கடைக்குப் பின்னாலேயே வீடு, நடுவில் ஒரு சாக்குத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் இருந்து அவர் மனைவி பதருன்னிசாவின் குரலைக் கேட்டிருக்கிறேன், முகத்தைப் பார்த்ததில்லை.

கோர்ட்டுக் கட்டுகள் தவிர அவருக்கு இன்னொரு வேலை உண்டு. வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதையைப் பிரித்தெடுத்துச் சேர்த்துவைத்து, கதை முடிந்ததும் பைண்டிங்குக்குக் கொடுக்கிற வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதே, அந்த வேலை. அப்படிக் கட்டிய புத்தகம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. பக்கத்து வீடு, எதிர் வீடு, அடுத்த தெரு என்று ஒரு வருஷம் சுற்றிவிட்டு, ரசக் கறையோடு வீடு திரும்பும். "கோர்ட்டு வேலை வயித்துக்கு, கதை வேலை எனக்கு" என்பார் மாலிக். தைக்கும் முன் ஒரு தடவை முழுக்கப் படித்துவிடுவார். ஏதாவது வாரம் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதற்காம். "அந்தப் பொண்ணு லெட்டர கீசிப் போட்டிருக்கக் கூடாது சார்" என்று திடீரென்று அவர் வருத்தப்படும்போது, யாரோ தெரிந்த வீட்டு விவகாரம் என்று நினைத்து முதலில் நான் பதறியிருக்கிறேன்.

போன வருஷம் ஒருநாள் டீக்கடை வாசலில் நாலு பேரை வைத்துக்கொண்டு நான் என் சாமர்த்தியத்தைக் காட்டினேன். அன்று காலையில் வாங்கிய புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, "ஏன் பாய், இது புத்தகமா, பிரிந்துபோன கோரைப்பாயா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாலிக் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பின்னாலேயே கடைக்குப் போனேன். கோபித்துக்கொண்டீர்களா என்று கேட்டேன்.

"கோவம் இன்னா சார் கோவம்? வெட்டத் தெரியாதவன்னு நெனச்சுக்கினு சிரிக்கறாங்க, சிரிக்கட்டும். ஒரு தபா நல்லாவே வெட்டினேன். அத நெனச்சா சோறு எறங்கல."

அன்றைக்கு அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

திருப்போரூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தவிட்டு மண்டி வைத்திருக்கிற அப்பாசாமியின் மருமகள் சரோஜா. அந்தக் குடும்பத்தில் பதினொரு பேர். பகலில் புருஷன் பெண்டாட்டி முகம் பார்த்துப் பேசினால் மாமியாருக்கு இருமல் வந்துவிடும். புருஷன் திருவேங்கடத்துக்குப் பட்டணத்தில் துறைமுக ஆபீசில் வேலை. அங்கேயே ஓர் அறையில் தங்கிவிட்டு, சனிக்கிழமை ரயிலில் வந்து திங்கட்கிழமை விடியற்காலை திரும்பிவிடுவான். வரும்போது வாரப் பத்திரிகை ஒன்று வாங்கி வருவான். அந்த வீட்டில் மற்றவர்களுக்குக் கதை என்றால் பொழுதைக் கெடுக்கிற சங்கதி. யாரும் தொடமாட்டார்கள். அதனால் தொடர்கதைப் பக்கத்தின் ஓரம் அவர்கள் இருவருக்கும் சொந்தமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவன் பேனாவால் ஓரத்தில் இரண்டு வரி எழுதுவான். வாரம் முழுவதும் யோசித்து அவள் கீழே பென்சிலால் பதில் எழுதி வைப்பாள். அடுத்த சனிக்கிழமை அவன் அதைப் படித்துக்கொள்வான்.

முதல் வாரத்தில் அவன், 'இந்தக் கதை எப்படி?' அவள், 'பரவாயில்லை.' இரண்டாம் வாரத்தில் அவன், 'பரவாயில்லை என்றால்?' இப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது. ஏழாம் வாரத்தில் கதாநாயகன் கிணற்றடியில் நின்று ஒரு பக்கம் முழுக்கக் காதல் பேசுகிறான். அதன் ஓரத்தில் திருவேங்கடம் எழுதியிருக்கிறான்: 'இவன் எவ்வளவு பேசுகிறான்! எனக்கு உன்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.' கீழே அவள் ஒரே வார்த்தை: 'சாப்பிட்டேன்.'

"அந்த 'சாப்பிட்டேன்'ல நான் உழுந்துட்டேன் சார்" என்றார் மாலிக்.

அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகும் நிறுத்த முடியவில்லை. கதையை விட்டுவிட்டார், ஓரத்தை மட்டும் வாரம் வாரமாகப் புரட்டினார். சண்டை வந்தது, சமாதானம் ஆனது. எழுத எழுத இரண்டு பேருக்கும் கை தெளிந்தது. கூச்சம் போய்க் கேலி வந்தது, பிறகு கேலியும் போய் வேறு ஏதோ வந்தது. முப்பத்தெட்டாம் வாரம் வரை பேனாவும் பென்சிலும் இருந்தன. அதற்குப் பிறகு பேனா இல்லை. ஐம்பத்து மூன்றாம் வருஷத்து ஐப்பசி மழையில் திருவேங்கடத்துக்குப் பட்டணத்தில் விஷஜுரம் கண்டு, நாலே நாளில் போய்விட்டான். கதை முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று இதழையும் சரோஜா எப்படியோ வாங்கிப் படித்து, ஓரத்தில் தான் மட்டும் எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில், 'முடிவு நன்றாக இல்லை. நீங்கள் இருந்தால் திட்டியிருப்பீர்கள்.'

அந்தக் கட்டைத்தான் அவள் மாலிக்கிடம் கொடுத்திருந்தாள். வெட்டுவது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பைண்டிங் என்றால் மூன்று பக்கமும் வெட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. மாலிக் நன்றாக வெட்டினார். விரற்கடை அகலத்துக்கு, அச்செழுத்தைத் தொடுகிற அளவுக்கு வெட்டி, காலிகோத் துணியில் அழகாக அட்டை போட்டு வைத்தார்.

"ஏன் பாய்?" என்றேன். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

"புருசன் பூட்ட பொண்ணு சார். இந்தப் பொஸ்தகம் நாளைக்குத் தெருத் தெருவா போவும். கண்டவன் படிச்சுப் பல்லு இளிப்பான். அந்தப் பொண்ணு மானம் இன்னாவறது? அதுக்கோசரம்தான் வெட்டினேன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன்."

"நிஜம் அது இல்லையா?"

கொஞ்ச நேரம் அட்டையில் காய்ந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "அது பாதி. நான் படிச்சது அதுக்குத் தெரிஞ்சிடுமோன்னு பயம் சார். ஓரமே இல்லன்னா, படிச்சேன்னு யாரு சொல்லப் போறா?"

வியாழக்கிழமை சரோஜா வந்தாள். புத்தகத்தை வாங்கி விரித்தாள். ஒரு பக்கம், இன்னொரு பக்கம், கடைசிப் பக்கம். பிறகு நிமிர்ந்து, "பாய், ஓரத்துல ஏதோ எழுதியிருந்துச்சே?" என்று கேட்டாள்.

"அழுக்கா இருந்திச்சும்மா. வெட்டிட்டேன்" என்றார் மாலிக்.

"ஆமா, அழுக்காத்தான் இருந்திருக்கும்" என்று அவள் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள். இதைச் சொல்லும்போது மாலிக் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. வெட்டியதைவிட அந்த ஒரு வார்த்தைதான் அவரைத் தின்றிருக்கிறது.

வெட்டிய துண்டுக் காகிதமெல்லாம் சாக்கில் போகும். மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகிற வழியில் சங்கு, சிப்பி பொம்மை விற்கிற ஹமீது, வாரத்துக்கு ஒரு முறை பஸ்ஸில் வந்து சாக்கை எடுத்துப் போவார். சிப்பி உடையாமல் இருக்க, சுற்றிக் கொடுப்பதற்கு. சரோஜா வந்து போவதற்கு முன்பே சாக்கு போய்விட்டது. மாலிக் அன்றைக்கே புறப்பட்டிருக்க வேண்டும். புறப்படவில்லை. எட்டு நாள் சும்மா இருந்தார். ஒன்பதாம் நாள் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்துப் போய், ஹமீதின் கடைப் பின்கட்டில் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டார்.

"குப்பைல இன்னா தேடற அண்ணாத்த? பேஜாரு பண்ணாத, ஆளுங்க வர்ற நேரம்" என்றாராம் ஹமீது.

"கோர்ட்டு காயிதம் ஒண்ணு கலந்து பூட்ச்சு" என்று அங்கேயும் ஒரு பொய். வெயில் சாயும்வரை தேடினார். கிடைத்தது ஒரு கைப்பிடி. மீதி, சங்குக்குள்ளும் சிப்பி விளக்குக்குள்ளும் திணிக்கப்பட்டுப் போய்விட்டது. அந்த வாரம் ஒரு கல்யாணக் கோஷ்டியும், பம்பாய்க்காரர்கள் ஒரு பஸ் நிறையவும் வந்து வாங்கிப் போனார்கள் என்று ஹமீது பெருமையாகச் சொல்லியிருக்கிறார். திருவேங்கடத்தின் எழுத்து இப்போது எந்த ஊரில், யார் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் கசங்கிக் கிடக்கிறதோ தெரியாது.

கிடைத்த துண்டுகளை ஒரு காலிகோ உறையில் போட்டு அட்டைக் கட்டுகளுக்கு நடுவில் வைத்தார். கொடுக்கவில்லை. கொடுத்தால் அது அழுக்கு இல்லை என்று தெரிந்தே வெட்டினதை ஒப்புக்கொள்ள வேண்டும், படித்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பாசாமி வீடு இருக்கிற தெருவில் நடப்பதையே விட்டார். மசூதிக்குப் போக ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனார். வெட்டுக்கத்தியை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரணில் போட்டதும் அப்போதுதான்.

இன்னொன்றும் சொன்னார், அது சிரிப்பாகத்தான் இருந்தது. பதருன்னிசாவைக் கட்டி இருபத்தாறு வருஷம். அந்தக் கதையைக் கட்டின பிறகு ஒருநாள் மத்தியானம், தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம், "நீ சாப்டியா?" என்று கேட்டாராம். "ஏன், கொழம்புல இன்னா கொறை?" என்று அவள் பயந்துபோனாள். மறுநாளும் கேட்டார். மூன்றாம் நாள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாளாம். பத்து நாள் ஆயிற்று, அவள் அதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் சொல்வதற்கு. இப்போது திரைக்கு அப்பாலிருந்து அவளே, "நான் சாப்ட்டாச்சு!" என்று குரல் கொடுக்கிறாள். அப்போதெல்லாம் மாலிக்கின் முகம் மலர்வதும் உடனே சுருங்குவதும் எனக்குத் தெரியும். அடுத்தவர் வீட்டிலிருந்து எடுத்துவந்ததல்லவா அந்தக் கேள்வி?

"கொண்டுபோய்க் கொடுங்கள் பாய்" என்று ஒரு வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நானே கொடுக்கட்டுமா என்றும் கேட்டேன். "நீங்க குடுத்தா நான் ஒளிஞ்சுக்கினதா ஆவும். வேணாம்" என்றார். ஆனால் தானும் போகவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வெள்ளைக் கைத்தறிப் புடவை, கையில் குடை, கக்கத்தில் ஒரு காகிதக் கட்டு. மாலிக் எழுந்து நின்றதிலிருந்தே யார் என்று தெரிந்துகொண்டேன். மாமனார் மறுத்தும் கேளாமல் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து படித்து, சரோஜா இப்போது பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளைகள் கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார்களாம். ஒரு வருஷத்து இதழ்களைக் கட்ட வேண்டும் என்றாள்.

கட்டை மேசையில் வைத்துவிட்டு, "பாய், இதுல மட்டும் ஓரத்தை வெட்டாதீங்க. பசங்க ஓரம் வரைக்கும் எழுதி வச்சிருக்காங்க" என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மாலிக் திரும்பி, அட்டைக் கட்டுகளுக்கு நடுவிலிருந்து அந்த உறையை உருவி அவள் முன்னால் வைத்தார்.

"அன்னிக்கு அழுக்குன்னு சொன்னது பொய்யிம்மா" என்றார். "நான் படிச்சேன். படிச்சிட்டுத்தான் வெட்டினேன். தேடிக்கினு போனேன், இதுதான் கெடச்சிச்சு. நாலு வருசமா வச்சிக்கினு கீறேன், குடுக்க மூஞ்சி இல்ல."

அவள் உறையைக் கவிழ்த்தாள். விரல் அகலத் துண்டுகள். முதல் வாரத்துத் துண்டை எடுத்தாள், வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள். ஊதா மை வெளிறியிருந்தது. எழுந்து போய்விட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. போகவில்லை. கதை எழுதுகிறவன் புத்தி அது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இதை எழுதலாமா என்று பிறகு அவளிடம் கேட்டபோது, "இதுல வர்ற அந்த ரெண்டு மூணு வரி போட்டுக்குங்க, மத்ததைப் போட்றாதீங்க" என்றாள். மற்றதை நான் கேட்கவே இல்லை.

"எவ்வளவு படிச்சீங்க பாய்?" என்றாள் சரோஜா, தலையை நிமிர்த்தாமல்.

"அத்தினியும்."

"இதுல இல்லாததையும்?"

"அதையுந்தாம்மா. மன்னிச்சிக்க."

"ஞாபகம் இருக்கா?"

மாலிக் விழித்தார். திட்டுவாள், அழுவாள் என்று அவர் நாலு வருஷமாகத் தயாராக இருந்தார். இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை. "மறக்கணும்னுதான் பாக்கறேன்" என்றார். "முடியல. ஒவ்வொரு வாரமும் அப்டியே கீது."

சரோஜா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்தாள்.

"சொல்லுங்க."

"நானாம்மா? அந்தப் புள்ள உனக்கு எழுதினத என் வாயால நான் எப்டிம்மா...?"

"எனக்குப் பாதி மறந்துபோச்சு பாய். அவரு எழுதினது இப்ப உங்ககிட்டத்தான் இருக்கு."

சாக்குத் திரைக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் நின்றது. அப்போதுதான் நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். தெருவில் இறங்கும்முன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். மாலிக் கைகளைக் கைலியில் துடைத்துக்கொண்டார். காது மடல் சிவந்திருந்தது. அவளுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, தாழ்ந்த குரலில், "ரெண்டாம் வாரம்" என்று ஆரம்பித்தார்.